எல்லா வீட்டிலும் கத்திய பெட்டி

பிர்கரின் மாடுகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டன. கிரோவிக் கிராமத்திலிருந்து எனக்கு வந்த முதல் புகார் அதுதான். மின்வாரியத்துக்கு மாட்டைப் பற்றி யார் போன் செய்வார்கள் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மாட்டுக்கு நாலு கால், நாலிலும் ஈரம். நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாத கரண்ட் அதற்கு மூக்கில் அடித்த மாதிரி தெரியும்.

தொழுவத்தில் பிர்கர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். மாடுகள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கும், கிட்டே போகும், மூக்கு பட்டதும் தலையை இழுத்துக்கொள்ளும்.

"பேய் பிடிச்ச மாதிரி நடந்துக்குதுங்க, ஒட்னி."

"பேய் இல்ல. கரண்ட். வீட்ல வேற யாருக்காவது ஷாக் அடிச்சுதா?"

"லிவ்வுக்கு விரல்ல சுருக்குன்னுச்சாம். குளிர்ல அப்படித்தான் இருக்கும்னு நான்தான் சொன்னேன்."

லிவ் அவர் மனைவி. தினமும் ஈரக்கையோடு அந்தத் தொட்டியைக் கழுவுகிறவள்.

தொழுவத்து பம்பின் ஒயர் பழசு, தோல் வெடித்து ஈரம் ஏறியிருந்தது. அதைக் கழற்றியதும் மாடுகள் குடிக்க ஆரம்பித்தன. பிர்கர் முகம் மலர்ந்து, காபி போடச் சொல்லி வீட்டைப் பார்த்துக் கத்தினார். நான் காபிக்குப் போகாமல் டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்குப் போய் மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு கம்பிக்கும் தரைக்கும் நடுவில் சைபர். மற்றதற்கும் தரைக்கும் நடுவில் முழு இருநூற்று முப்பது வோல்ட். பம்பு வெறும் எடுபிடி, உண்மையான பழுது வேறு ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறது என்று அந்த இரண்டு எண்களும் சொல்லின. அந்தப் பழுது இருக்கும் வரை, அந்த டிரான்ஸ்பார்மரில் கரண்ட் வாங்கும் எந்த வீட்டிலும், யாராவது ஒருவர் ஈரத்தரையில் நின்று தவறான கம்பியைத் தொட்டால் போதும், கதை முடிந்தது.

அன்றைக்கே எல்லோரையும் கிராமக் கூடத்துக்கு வரச் சொன்னேன். இந்த ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் வருவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வரும்போதே ஒருவர் வாஃபிள் அப்பத்துக்கு மாவு, ஒருவர் ஜாம், ஒருவர் பழுப்புச் சீஸ் என்று கொண்டுவந்துவிடுவார்கள். தீப்பிடித்தால்கூட முதலில் காபி போட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நான் கேலி செய்வதுண்டு. வாஃபிள் சுட்டது ரக்னா. பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள். கணவன் இறந்த பிறகு, அந்த வீட்டு வரிசையின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரே மகன் ஐவிந்த் கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். ரக்னாவே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் கேள்விகள் ஆரம்பித்தன. முதலில் ஹல்வார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வாயை மூடி வைக்கத் தெரியாதவர்.

"குருவி கம்பி மேலயே உக்காந்திருக்கு. அது சாகலையே, ஏன்?"

"அது ஒரே கம்பியத்தான் தொடுது. கரண்ட் ஒரு பக்கமா வந்து இன்னொரு பக்கமா போகணும். குருவிக்குள்ள போய் எங்க போகும்? வழி இல்ல."

"அப்போ நானும் ஒரு கம்பிய மட்டும் புடிச்சா?"

"நீங்க குருவி இல்ல, ஹல்வார். உங்க கால் தரையில இருக்கு."

"யோவ், உன் எடைக்குக் கம்பியே அறுந்துடும்யா" என்றார் பிர்கர். எல்லோரும் சிரித்தார்கள். மாடு குடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"இதுல எது நல்ல கம்பி? நீலமா?" என்று லிவ் கேட்டாள். "டென்மார்க்ல என் தங்கச்சி வீட்டுக்காரர் நீலத்தைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாரு."

"அங்க அவர் சொல்றது சரியா இருக்கலாம். இங்க தொட்டார்னா அவருக்கு மாலைதான். உங்க வரிசைக்கு வர்ற ரெண்டு கம்பியும் கரண்ட் உள்ள கம்பி. நல்லது கெட்டதுன்னு கிடையாது."

"அப்போ ஏன் ஃபியூஸ் போகல?" இது மறுபடியும் ஹல்வார். "பழுதுன்னா ஃபியூஸ் போகணும்ல?"

இது நல்ல கேள்வி. நான் மேசையிலிருந்து இரண்டு கரண்டிகளை எடுத்தேன். "இது ரெண்டும் ரெண்டு கம்பி. ரெண்டுமே தரையைத் தொடாம தொங்குது. இதுல ஒண்ணு எங்கயோ ஒரு வீட்ல தரையைத் தொட்டுடுச்சு." ஒன்றை மேசையில் ஊன்றினேன். "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. வெளக்கு எரியுது, அடுப்பு எரியுது. கரண்ட் ஓட வழி இல்லாததால ஃபியூஸுக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா இப்போ இந்தத் தரை இருக்கே, இதுவே ஒரு கம்பி ஆயிடுச்சு. நீங்க நிக்கிறது கம்பி மேல. இனி மத்த கம்பிய யார் தொட்டாலும், ரெண்டு கம்பியையும் சேர்த்துப் புடிச்ச மாதிரிதான்."

யாரும் சிரிக்கவில்லை. லிவ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரு வீட்ல பழுதுன்னா எல்லா வீட்லயுமா?" என்றாள் லிவ்.

"எல்லா வீட்லயும். அதுக்குத்தான் ஒவ்வொருத்தர் வீட்டு ஃபியூஸ் பலகைக்குப் பக்கத்துலயும் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கு. சிவப்பு வெளக்கு எரியும், பீப் பீப்னு கத்தும். யார் வீட்ல பழுதுன்னாலும் எல்லா வீட்லயும் கத்தும்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினேன். "ஏன், கத்தலையா?"

சிலர் காபியைப் பார்த்தார்கள், சிலர் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

"பிர்கர்?"

"கத்துச்சு" என்றார் பிர்கர், தட்டைப் பார்த்தபடி. "அதுல ஒரு பட்டன் இருக்குல்ல. அமுக்கினா நின்னுடும்."

"எப்போ?"

"செம்மறி ஆட்டை மலையிலிருந்து இறக்கின சமயம்."

அது இலையுதிர்காலத்தின் தொடக்கம், செப்டம்பர். இப்போது நவம்பர் நடுவில் இருக்கிறோம். நான் ஹல்வாரைப் பார்த்தேன். அவருடையதும் கத்தியிருக்கிறது, அவரும் அமுக்கியிருக்கிறார். அடுத்த வீடும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே.

"ஒருத்தருக்குக்கூட எனக்கு ஒரு போன் போடணும்னு தோணலையா?"

"அப்படி இல்ல ஒட்னி" என்றார் ஹல்வார், முதல் தடவையாகக் குரல் இறங்கி. "என் வீட்டை நல்லா பார்த்துட்டேன், பழுது இல்ல. அப்போ வேற யார் வீட்லயோன்னு ஆகுது. நான் போன் பண்ணி, நீ வந்து, அது ஒருத்தர் வீடுன்னு தெரிஞ்சா, அவங்களை மாட்டிவிட்ட மாதிரி ஆகிடாதா? அவங்களே பார்த்துப்பாங்கன்னு விட்டேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பனியில் கார் சிக்கினால் கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி "என்னாச்சு?" என்று கேட்பது மட்டும் அவர்களுக்கு அநாகரிகம். சாவு வாசலில் வந்து பீப் பீப் என்று கத்தினாலும், மரியாதையாகப் பட்டனை அமுக்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள்.

"சரி" என்றேன். "மூணு மணிக்கு நான் கம்பத்துக்கிட்ட நிப்பேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணுவேன். சொன்னதும் மெயின் சுவிட்சை அணைக்கணும். எல்லாரும் அணைச்சு முடிக்கிற வரைக்கும் யாரும் திரும்பப் போடக் கூடாது. யார் வீடு அணைஞ்சதும் மீட்டர்ல ரெண்டு கம்பிக்கும் ஒரே அளவு வருதோ, பழுது அங்க."

ரக்னா வாஃபிள் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். கூடத்தில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

"வீட்டை முழுசா அணைக்கணுமா? ஒரு அறைய மட்டும் விட்டுடலாமா?"

"முழுசா."

அவள் சரி என்று தலையசைத்தாள்.

மூன்று மணிக்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மலைகளுக்கிடையே நீளும் ஃபியோர்டுக் கடல்தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல். நான் கம்பத்தடியில் மீட்டரோடு நின்று முதலில் பிர்கரைக் கூப்பிட்டேன். அவர் வீடு அணைந்தது. மீட்டர் அசையவில்லை. அடுத்தது ஹல்வார். அசையவில்லை. அப்படியே ஒவ்வொரு வீடாக இருண்டுகொண்டு வந்தது. கடைசியாக ரக்னா.

"அணைச்சிட்டேன்" என்றாள்.

மீட்டர் சைபரிலேயே நின்றது.

ஒரு கணம் என் மீட்டரையே சந்தேகப்பட்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். வரிசை முழுக்க இருட்டு. கடைசி வீட்டில் மேல் ஜன்னல்களும் இருட்டு. ஆனால் கீழே, புல்லோடு ஒட்டினாற்போல, நிலவறையின் சின்ன ஜன்னல் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

நான் மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். எல்லோர் முகமும் அந்தப் பக்கம்தான். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஹல்வார்கூட. அந்த மௌனத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அந்த வெளிச்சம் இவர்களுக்குப் புதிது இல்லை.

"ரக்னா" என்றேன் போனில். "கீழ வெளக்கு எரியுது."

அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் போய்த் தட்டினேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் இடைவெளியில் உடம்பை வைத்து அடைத்துக்கொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்ல. ஃப்ரீசர் இருக்கு. மீன் கெட்டுடும்."

"மீன் ஒரு மணி நேரத்துல கெடாது."

"ஒட்னி, வேற நாள் வாயேன். ப்ளீஸ். நாளைக்கு வா."

"நாளைக்குள்ள லிவ் செத்துப்போனா? நீயே செத்துப்போனா?"

"நான் செத்தா பரவாயில்ல" என்றாள். அவள் அதைச் சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது. நான் அவள் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினேன். ஒரு பறவையின் எடைதான் இருந்தாள். நகர்ந்துவிட்டாள்.

ஃபியூஸ் பலகை நடையிலேயே இருந்தது. பக்கத்தில் அந்தப் பெட்டி, சிவப்பு விளக்கு எரிந்தபடி, சத்தம் அமுக்கப்பட்டு. மேல் வீட்டு ஃபியூஸ்களை மட்டும் எடுத்திருந்தாள், மெயின் சுவிட்சைத் தொடவே இல்லை. உள்ளே வரும் கம்பிகளில் மீட்டரை வைத்துக்கொண்டு மெயினை இறக்கினேன். சைபராக நின்ற எண் சட்டென்று ஏறியது. இரண்டு கம்பிக்கும் இப்போது ஒரே அளவு. பழுது இந்த வீட்டில்தான்.

கீழேயிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"அம்மா? கரண்ட் போச்சு."

ரக்னா சுவரோடு சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா" என்றாள் விரல்களுக்கு நடுவிலிருந்து. "படிப்பை விட்டுட்டு வந்தான். கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன். யார் கேட்டாலும் கடல்ல வேலைன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்திச் சொல்றது?"

டார்ச்சோடு படியில் இறங்கினேன். ஈர வாடையும் பழைய காபி வாடையும். கட்டில், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஹீட்டர், மூலையில் கழுவுதொட்டி. கட்டிலின் விளிம்பில் ஐவிந்த் உட்கார்ந்திருந்தான். தாடி நெஞ்சு வரை. முன்பு ஊரில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையனை அந்த முகத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான், ஆனால் திடுக்கிடவில்லை.

"ஒட்னி" என்றான். "நீங்களா."

நான் தேடினேன். ஈரம் ஏறிய ஹீட்டர், நைந்த ஒயர், எலி கடித்த மூலை, இப்படி ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்தேன். இருந்தது வேறு. சுவர்ப் பிளக்கிலிருந்து ஒற்றை ஒயர் நேராக இறங்கி, சீராகக் கிளிப் அடிக்கப்பட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தது. குழாயைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பித்தளைக் கவ்வி போட்டு இறுக்கியிருந்தான். நல்ல வேலை. பள்ளியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியான வேலை.

"இது தானா வந்த பழுது இல்ல" என்றேன்.

"இல்ல. நான்தான் மாட்டினேன்."

"பைத்தியமா உனக்கு?" கத்திவிட்டேன். "இதை எதுக்குடா பண்ணினே? என்ன ஆகும்னு தெரியாதா? மின்வேலைதானே படிச்சே?"

அவன் என்னைப் பார்த்தான். குரல் உயரவில்லை.

"முதல் வருஷத்துல சொல்லிக் குடுத்தாங்க. ஒரு வீட்ல கம்பி தரையைத் தொட்டா, எல்லா வீட்டுப் பெட்டியும் கத்தும்னு." மேலே படியைப் பார்த்தான். "கத்துச்சா?"

கூடத்தில் வாஃபிள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த முகங்கள் என் கண்முன் வந்தன.

"கத்துச்சு" என்றேன்.

"எல்லா வீட்லயுமா?"

"எல்லா வீட்லயும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். ரொம்ப நாள் காத்திருந்த ஒரு விடை கிடைத்த மாதிரி.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா" என்றாள் ரக்னா, படியின் மேலிருந்து. "மூணு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து தர்றேனே."

"சொன்னேன்மா. டாக்டரைக் கூப்பிடுன்னேன். அக்கம்பக்கம் என்ன நினைக்கும்னு கேட்டே."

அதற்குள் மேலே கனமான பூட்ஸ் சத்தம். பிர்கர். வழி தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார். என் பின்னால் நின்று, டார்ச் வெளிச்சத்தில் முதலில் குழாயையும் கவ்வியையும் பார்த்தார், பிறகு அவனைப் பார்த்தார். கூடத்தில் கரண்டி வைத்துக் காட்டிய பிறகு, அவருக்கு அது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. அவர் முகம் சிவந்தது.

"நீயாடா? தெரிஞ்சேவா?" கவ்வியைக் காட்டினார். "லிவ் தினமும் ஈரக்கையோட அந்தத் தொட்டியைத் தொடுறாடா. செத்திருப்பா. என் பொண்டாட்டி செத்திருப்பா."

"மன்னிச்சிடுங்க" என்றான் ஐவிந்த். "உங்க பம்பு ஒயர் கெட்டிருக்கும்னு எனக்குத் தெரியாது. ஒரு நாள்தான்னு நினைச்சேன். பெட்டி கத்தின அன்னைக்கே யாராவது வருவீங்கன்னு நினைச்சேன்."

பிர்கரின் கை தொப்பிக்குப் போனது.

"வரலைன்னதும் கழட்டியிருக்கலாம்ல?" என்று நான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன், அது அப்படி வரவில்லை.

"கழட்டலாம்னு தினமும் நினைச்சேன். கழட்டினா, நான் இங்க இருக்கேன்னு சொல்ல வேற ஒண்ணும் இல்ல." அவன் தன் கைகளைப் பார்த்தான். "படியேறி வந்திருக்கலாம்னு சொல்வீங்க. கால் நல்லாத்தான் இருக்கு. ஏற முடியல."

பிர்கர் அந்தக் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "மாடு வந்து சொல்ல வேண்டியதாப் போச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

நான் மண்டியிட்டுக் கவ்வியைக் கழற்றினேன். இறுக்கமாகப் போட்டிருந்தான், இரண்டு கையாலும் திருக வேண்டியிருந்தது. ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டேன். பிறகு டாக்டரின் எண்ணைப் போனில் எடுத்து ரக்னாவிடம் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். அவள் பேசும் சத்தம் மேலிருந்து கேட்டது. கடலில் வேலை என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கிறான், கீழே இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப.

மெயினைப் போட மேலே வந்தேன். கதவு திறந்தே கிடந்தது. வெளியே மழையில் அவரவர் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். ஹல்வார் மட்டும் பாதையின் பாதி தூரம் வந்து, அதற்கு மேல் வரத் தெரியாமல் நின்றிருந்தார். கையில் காபி ஃப்ளாஸ்க்.

"கிடைச்சுதா?" என்று அங்கிருந்தே கேட்டார். "யாரு வீடு?"

"உள்ள வந்து பாருங்க" என்றேன். "வந்து கேளுங்க, ஹல்வார். கதவு திறந்துதான் இருக்கு."

அவர் ஃப்ளாஸ்க்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பின்னால் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். நான் காத்திருக்காமல் உள்ளே திரும்பி மெயின் சுவிட்சைப் போட்டேன். பெட்டியின் சிவப்பு விளக்கு எரியவில்லை. வரிசையில் இனி எந்தப் பெட்டியிலும் எரியாது, ஐவிந்துக்காகக் கத்த எந்தப் பெட்டியும் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பழுதைச் சரிசெய்துவிட்டு எனக்குப் பயமாக இருந்தது அன்றைக்குத்தான். வாசலில் காலடிச் சத்தம் வருகிறதா என்று, மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றேன்.